ஓதக் கணக்கு

பள்ளிக்குக் கணினி வந்தபோது மின்சாரம் வரவில்லை.
மின்சாரம் வந்தபோது
கணினிக்குள் ஈரம் குடியேறியிருந்தது.
கடைசியில் என் கைபேசிதான்,
மூலையில் கீறல் விழுந்தது,
ஏழாம் எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுவாயிற்று.

சிலோவே தீவுக்கூட்டத்தில்
எங்களுடையது
வரைபடத்தில் ஓர் ஈ உட்கார்ந்தால் மறைகிற தீவு.
பதினொரு பிள்ளைகள். ஒரு விறகடுப்பு.
கதவோரம் சேற்றோடு வரிசைகட்டிய ரப்பர் பூட்ஸ்.

நூற்று நாற்பது எழுத்துக்கு மேல் இடந்தராத தளத்தில்
வகுப்பின் பேரில் ஒரு கணக்குத் திறந்தோம்.
"நீர் எங்கே" என்று பெயர் வைத்தவள் யாஸ்னா.
படகுத்துறைக் கம்பத்துக்குச்
சிவப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை அடித்தோம்.
முறை வைத்து ஒருவர்
காலையில் போய்ப் பார்க்க வேண்டும்:
எந்தப் பட்டையில் கடல், ஏறுகிறதா, வற்றுகிறதா.

சுருக்கி எழுதக் கற்பிப்பதே என் உத்தேசம்.
மாகாண அலுவலகப் படிவத்திலும்
அப்படித்தான் நிரப்பியிருந்தேன்.
"அழகான" முதலில் போயிற்று.
"மிகவும்" போயிற்று.
"என்று நான் நினைக்கிறேன்" போனபோது
பையன்கள் கைதட்டினார்கள்.

ஜூலைக்குள் பின்தொடர்வோர் நூற்று மூன்று பேர்.
தீவில் இருப்பதே தொண்ணூற்றாறு பேர்.
மிச்சம் ஏழு பேர் யார் என்று
ஒரு கணித வகுப்பு முழுக்கப் பேசினோம்.

பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள்.
கடல் தன் அடிவயிறு வரை விலகும் நாள்.
நாவெல் முறை.
மழை.
அவன் கூரைக்கடியில் நின்றபடி எழுதினான்:
"மூன்றாம் பட்டை. இன்னும் வற்றுகிறது. நேரம் இருக்கிறது."

பத்தரை மணிக்குப் பதில் வந்தது.
ரோசால்பா வென்தேயோ, கடற்பாசி சேர்ப்பவர்.
"திட்டில் வைத்த ஆறு மூட்டையும் போயிற்று.
இடுப்பளவு நீரில் வந்தேன்.
நீங்கள் யார்?"

வசை இருந்திருந்தால் அழித்திருப்பேன்.
இதை என்ன செய்ய?
எங்கள் பக்கத்தில் முகம் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு கம்பத்தின் படம்.

பதில் எழுதுங்கள் என்றேன்.
"வருந்துகிறோம்" என்றது முன்வரிசை.
"பிழை நேர்ந்துவிட்டது" என்றான் ஒருவன்,
அதுவாகவே படியேறி வந்து நேர்ந்தது போல.
"எழுதினது நாவெல்னு போடுங்க"
என்றது பின்வரிசை.
மொத்தம் எத்தனை எழுத்து என்று
யாரும் எண்ணவில்லை.

நான் தலையங்கம் எழுதுகிறவன் போல
ஒன்று தயாரித்தேன். நூற்று முப்பத்தெட்டு எழுத்து.
பொறுப்பு, இளம் மாணவர், எதிர்காலம்.
வாசித்துக் காட்டினேன்.
அடுப்பில் விறகு வெடித்தது, அவ்வளவுதான்.

நாவெல் எழுந்து வந்து
கைபேசியைக் கேட்டான். கொடுத்தேன்.
"நான் கம்பத்துக்குப் போகவில்லை. மழை பெய்தது.
நாவெல் கொலிவோரோ, ஏழாம் வகுப்பு."
அனுப்பும் பொத்தானை அழுத்தினான்.
வட்டம் சுற்றியது. சுற்றியது.
மழை நாளில் எங்கள் அலைவரிசை
தேவாலயத்தின் பின்மேட்டில் மட்டும்தான் எட்டும்.

பூட்ஸ் மாட்டாமல் ஓடினான்.
காலையில் எந்த மழைக்கு ஒதுங்கினானோ
அதே மழை, கூடவே காற்று.
பதினொன்றில் ஒன்று குறைந்த மூக்குகள்
சன்னல் கண்ணாடியில் புகைபிடித்தன.
மேட்டின் உச்சியில் கையைத் தூக்கிக்கொண்டு
விளக்குத்தூண் போல நின்றான், வெகுநேரம்.

அவள் பதில் எழுதவில்லை.
அன்றும், மறுநாளும், வாரம் முழுவதும்.
நூற்று மூன்று
நூற்றிரண்டு ஆகியிருந்ததை
எல்லாரும் பார்த்தோம், யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பதிவின் முடிவிலும்
ஒரு பெயர்.
நான் சொல்லிச் செய்ததில்லை.
பெயர் எட்டு எழுத்தைத் தின்றால்
சேதியில் எட்டு எழுத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

அடுத்த பௌர்ணமி தாண்டி ஒரு வியாழன்,
இன்னும் விடியாத நேரம்,
என் தலைமாட்டில் கைபேசி அதிர்ந்தது.
பின்தொடராத ஒருவரிடமிருந்து
ஒரே சொல்:
"நீர்?"

சட்டை தேடி, விளக்கு தேடி
நான் வாசலுக்கு வருவதற்குள்
துறைப்பக்கம் ஒரு டார்ச் வெளிச்சம்
கம்பத்தை அடியிலிருந்து
பட்டை பட்டையாக எண்ணிக்கொண்டிருந்தது.
அன்று யாஸ்னாவின் முறை.
டார்ச்சுகள் இரண்டு இருந்தன.